நொதித்து முடிந்த பீரில் கசப்பும் மணமும்: எதைக் கூட்டலாம், எதைக் குறைக்க முடியாது?

#1 பச்சைக்கூம்பு

வணக்கம். கெக்குக்கு (பீரை கேஸ் அழுத்தத்தில் வைக்கும் உலோகக் கலன்) மாற்ற வேண்டிய நிலையில் ஒரு பேல் ஏல். 20 லிட்டர், தொடக்க அடர்த்தி 1.052, மூன்று நாளாக 1.012-லேயே நிற்கிறது. செய்முறைக் கணக்குப்படி 38 ஐபியூ (கசப்பின் அலகு) வர வேண்டும். வாயில் வைத்தால் 25-க்கு மேல் சொல்ல மாட்டீர்கள், மால்ட் இனிப்புதான் முந்திக்கொண்டு வருகிறது. கசப்புக்குப் போட்ட ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூக்கூம்பு) திறந்துவைத்த பழைய பாக்கெட். ட்ரை ஹாப் (மணத்துக்காகக் கொதிக்கவைக்காமல் போடும் ஹாப்ஸ்) இன்னும் போடவில்லை.

இந்த நிலையில் கசப்பை ஏற்ற வழி உண்டா? ஹாப்ஸைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஊற்றலாம் என்கிறார்கள், சரிவருமா? ட்ரை ஹாப்பை இரட்டிப்பாகப் போட்டால் கசப்பும் சேர்ந்து ஏறுமா?

#2 கொதிகலன்

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: ஏறாது. ஹாப்ஸில் இருக்கும் ஆல்ஃபா அமிலம் அப்படியே பீரில் கரையாது. கொதிக்கும்போது அது ஐசோ-ஆல்ஃபா அமிலமாக உருமாறினால்தான் கரையும், கசக்கும். 100 டிகிரியில் ஒரு மணி நேரம் கொதித்தாலே போட்டதில் கால்வாசி, மிஞ்சினால் முப்பது சதவீதம்தான் பீருக்கு வந்து சேரும். 80 டிகிரிக்குக் கீழே இந்த மாற்றம் ஆமை வேகம். 18 டிகிரி பீரில் எத்தனை நாள் ஊறினாலும் நடக்காது.

பழைய பாக்கெட்தான் காரணம். அட்டையில் போட்டிருக்கும் ஆல்ஃபா சதவீதம் அறுவடை செய்த புதிதில் அளந்தது. காற்றுப்பட்டு, குளிரில்லாமல் கிடந்தால் அது மளமளவென்று இறங்கும். கணக்குப் போடும் மென்பொருளுக்கு அது தெரியாது.

ஹாப் டீ போடலாம், தாராளமாக. 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவைத்து ஊற்றுங்கள். வேலை முடிந்தது.

#3 ஆய்வுக்குழல்

கொதிகலன் ஐயா சொன்னதில் இரண்டு இடத்தில் திருத்தம் தேவை.

முதலாவது, ட்ரை ஹாப்பில் கசப்பே வராது என்பது பாதி உண்மை. ஹாப்ஸ் காற்றுப்பட்டுப் பதப்படும்போது ஆல்ஃபா அமிலத்தில் ஒரு பகுதி ஹ்யூமுலினோனாக ஆகிவிடுகிறது. இது கொதிக்காமலேயே குளிர்ந்த பீரில் நன்றாகக் கரையும், ஐசோ-ஆல்ஃபாவின் கசப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கசக்கும். அதே சமயம், பீரில் ஏற்கெனவே இருக்கும் ஐசோ-ஆல்ஃபாவில் கொஞ்சத்தை ஹாப்ஸ் சக்கை உறிஞ்சிக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடும். ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு. அதனால் 20 ஐபியூவுக்குக் கீழே உள்ள பீர் ட்ரை ஹாப்புக்குப் பிறகு கொஞ்சம் கூடுதலாகக் கசக்கும், 40, 50 ஐபியூ பீர் கொஞ்சம் இறங்கும். 25-ல் நிற்கும் உங்கள் பீரில் பெரிய மாற்றம் தெரியாது. இரட்டிப்பாகப் போட்டால் கூடுவது கசப்பைவிடத் துவர்ப்புதான்.

இரண்டாவது, அந்த ஒரு லிட்டர் ஹாப் டீ. இதில் கணக்கே உதைக்கிறது. எவ்வளவு ஹாப்ஸ் கொட்டினாலும் ஒரு லிட்டரில் தங்கும் ஐசோ-ஆல்ஃபாவுக்கு நடைமுறையில் 100 மி.கி. அளவிலேயே கூரை விழுந்துவிடும். மீதி பிசினாகப் பாத்திரத்தில் ஒட்டும், அல்லது சக்கையோடு போகும். அந்த உச்ச அளவையே எடுத்துக்கொள்வோம்: 20 லிட்டர் 25 ஐபியூ, அதோடு ஒரு லிட்டர் 100 ஐபியூ (லிட்டருக்கு 1 மி.கி. என்றால் 1 ஐபியூ). (500 + 100) ÷ 21 = 28.6. மூன்றரைப் புள்ளி ஏற்றம். அந்த வித்தியாசத்தை நாக்கு கண்டுபிடிப்பதே சிரமம். 50 கிராம் ஹாப்ஸும் ஒரு மணி நேர கேஸும் இதற்குத்தானா?

அதிலும் வெறும் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வோர்ட்டின் (நொதிக்காத மால்ட் சாறு) பிஹெச் 5.2 அளவில் இருக்கும், தண்ணீர் 7-ஐ ஒட்டி. பிஹெச் ஏறினால் ஆல்ஃபா வேகமாக மாறும் என்பது சரிதான். கூடவே துவர்ப்புத் தரும் பாலிஃபீனாலும் வாரிக்கொண்டு வரும். கிடைக்கும் கசப்பு கரடுமுரடாக அடிநாக்கில் பிடித்துக்கொள்ளும்.

#4 கொதிகலன்

ஹ்யூமுலினோன் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். டீயை 1.035 – 1.040 அடர்த்தியுள்ள மால்ட் சாற்றில் கொதிக்கவைத்தால் பிஹெச் பிரச்சினை தீருமே? இரண்டு லிட்டர் ஊற்றினால் 32-க்கு வந்துவிடும்.

#5 ஆய்வுக்குழல்

தீரும். ஆனால் நொதிக்காத சர்க்கரையையும் சேர்த்து ஊற்றுகிறீர்கள். 1.040 சாறு இரண்டு லிட்டரில் சுமார் 200 கிராம் கரைபொருள் இருக்கும். 22 லிட்டரில் பரவினால் லிட்டருக்கு 9 கிராம், அதில் 6 கிராமுக்கு மேல் ஈஸ்ட் தின்னக்கூடியது. தின்று முடித்தால் ஒன்றரை வால்யூமுக்கு மேல் (பீரின் கன அளவைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல்) கார்பன் டை ஆக்சைடு. பாட்டிலில் அடைப்பவர் வழக்கமான சர்க்கரையையும் மேலே போட்டால் பாட்டில் வெடிக்கும்.

இதையே சாதகமாகத் திருப்பலாம். பாட்டிலுக்குப் போடும் சர்க்கரைக்குப் பதிலாக இந்தச் சாற்றையே பயன்படுத்தி, லிட்டருக்கு 4 கிராம் நொதிக்கும் சர்க்கரை என்றால் ஏறத்தாழ ஒரு வால்யூம் என்று கழித்துக்கொள்ளுங்கள். கெக்கில் கேஸ் ஏற்றுபவருக்கு இந்த வழியால் எந்த லாபமும் இல்லை.

#6 அடிவண்டல்

கசப்புக்கு நேர்வழி, முன்பே உருமாற்றி விற்கப்படும் ஐசோ-ஆல்ஃபா கரைசல். பொட்டாசியம் உப்பாகத் தண்ணீரில் கரைத்தது, பெரும்பாலும் 30 சதவீதம். நீர்த்த கரைசலாகவும் விற்கிறார்கள், அதனால் பாட்டிலில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தே கணக்கைத் தொடங்குங்கள். 30-ம் 3-ம் மாறிப்போனால் 20 லிட்டரும் போச்சு.

முதலில் கெக்கில் கை வைக்காதீர்கள், கோப்பையில் பாருங்கள்.

1 மி.லி. கரைசலை எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீர் சேர்த்து 100 மி.லி. ஆக்குங்கள். கடினநீர் கூடாது, கால்சியத்தோடு சேர்ந்து பால்போலக் கலங்கிவிடும். இப்போது 1 மி.லி.-ல் 3 மி.கி. இருக்கிறது. ஐந்து கோப்பைகளில் தலா 100 மி.லி. பீர். ஒன்றில் எதுவும் வேண்டாம். மற்றவற்றில் 0.1, 0.2, 0.3, 0.4 மி.லி. விட்டால் முறையே 3, 6, 9, 12 ஐபியூ ஏறும். ஊசியில்லாத 1 மி.லி. மருந்து சிரிஞ்ச் இதற்குப் போதும்.

கோப்பைக்கு அடியில் எண் எழுதி, இடம் மாற்றச் சொல்லிவிட்டு ருசியுங்கள். எது எது என்று தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள். கசப்பு நாக்கில் சேர்ந்துகொண்டே போகும், கடைசிக் கோப்பை எப்போதும் அதிகக் கசப்பாகத்தான் தெரியும். இன்னொன்று, பீரில் கேஸ் இல்லையென்றால் கசப்பு மழுங்கித் தெரியும். முடிந்தால் சின்ன பிளாஸ்டிக் பெட் பாட்டிலில் கேஸ் ஏற்றிய பீரை வைத்தே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஆறிய, கேஸில்லாத மாதிரியில் 12 சரி என்று தோன்றினால் பரிமாறும்போது 9 போதும் என்று ஆகும்.

கோப்பையில் 9 பிடித்தது என்று வைப்போம். 20 × 9 = 180 மி.கி., அதாவது 0.6 மி.லி. கெக்கில் நுரையிலும் சுவரிலும் ஈஸ்ட்டிலும் கொஞ்சம் போகும், அதற்கு நாலில் ஒரு பங்கு சேர்த்தால் 0.75 மி.லி. முழுவதையும் ஒரே மூச்சில் விடாமல் முதலில் 0.6 விட்டு, மறுநாள் ருசித்துவிட்டு மீதியைப் பற்றி முடிவெடுங்கள். போட்டதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

எப்போது விடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கேஸ் ஏறிய, ஜில்லென்ற கெக்கின் மூடியைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட்டால், விட்ட இடத்திலேயே கெட்டியாகிச் சுவரில் பிசின்போல ஒட்டிக்கொள்ளும். நுரையும் பொங்கும். நொதிகலனிலிருந்து கெக்குக்கு பீர் ஓடும்போது, ஓட்டத்தோடு சேர்ந்து கலக்கிற மாதிரி விடுங்கள். கரைசல் அறைவெப்பத்தில் இருக்கட்டும்.

#7 பச்சைக்கூம்பு

கோப்பைச் சோதனை எண்கள்: 3-க்கும் சும்மா இருப்பதற்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. 6 சரி. 9-ல் கசப்பு போதும், ஆனால் இனிப்புக்கும் அதற்கும் ஒட்டவில்லை, கசப்பு தனியாக ஓடுகிறது. இது கரைசலின் இயல்பா?

#8 ஆய்வுக்குழல்

ஓரளவு இயல்புதான். கொதிகலத்தில் வரும் கசப்போடு ஹாப்ஸின் மற்ற கரைபொருளும் சேர்ந்து வரும். கரைசல் தனிக் கசப்பு, மெலிந்த, சுத்தமான வெட்டு. அதனால் குறையில் பாதியை மட்டும் கரைசலால் நிரப்பி, மீதியை வேறு வழியில் பாருங்கள்: 6-ல் நிறுத்திவிட்டு ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்) போட்டுப் பார்க்கலாம். சல்ஃபேட் கசப்பைக் கூட்டாது, முடிவை உலர்வாக்கி இனிப்பைப் பின்னுக்குத் தள்ளும். உங்கள் புகாரில் பாதி இனிப்பைப் பற்றியதுதானே?

லிட்டருக்கு 0.1 கிராம் ஜிப்சம் சுமார் 56 பிபிஎம் சல்ஃபேட் தரும். அரை லிட்டர் பீரில் 0.1 கிராம் கரைத்துப் பாருங்கள், அது லிட்டருக்கு 0.2 கணக்கு. பிடித்தால் 20 லிட்டருக்கு 4 கிராம். 0.01 கிராம் வரை காட்டும் தராசு இல்லாமல் இதைத் தொடாதீர்கள். ஜிப்சம் மெதுவாகத்தான் கரையும், பத்து நிமிடம் சுழற்றிக்கொண்டிருக்க வேண்டும். கேஸ் ஏறிய பீரில் எந்த உப்புத் தூளையும் தூவாதீர்கள், கெக் வாய் வழியாகப் பாதி பீர் வெளியே வரும்.

எதிர்த்திசையில் போக வேண்டியவருக்குக் கால்சியம் குளோரைடு. லிட்டருக்கு 0.1 கிராம் (இரு நீர் மூலக்கூறு சேர்ந்த படிக வடிவம்) சுமார் 48 பிபிஎம் குளோரைடு. கசப்பின் முனை மழுங்கி, பீர் வாயில் திரண்டு, கனமாகத் தெரியும்.

பிஹெச்சும் அளந்து சொல்லுங்கள். 4.2 – 4.5 என்றால் தொடவேண்டாம். 4.6-ஐத் தாண்டியிருந்தால் எந்தக் கசப்பும் அடிநாக்கில் கரகரப்பாகத்தான் நிற்கும்.

#9 பச்சைக்கூம்பு

பிஹெச் 4.45. ஜிப்சம் அரை லிட்டரில் பார்த்தேன், 6-ம் இதுவும் சேர்ந்தால் பொருந்துகிறது. இனி மணம். எத்தனை கிராம், எத்தனை நாள், எந்த வெப்பம்?

#10 நுரைமுடி

லிட்டருக்கு 4 கிராம், மொத்தம் 80. மணம் தூக்கலாக வேண்டுமென்றால் 6, அதாவது 120. ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் காஸ்கேட் ஹாப்ஸை வைத்துச் செய்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், லிட்டருக்கு 8 கிராமுக்கு மேல் போட்டதற்கு ஏற்ப மணம் கூடவில்லை, எலுமிச்சை வாசம் பின்வாங்கி மூலிகை, தேயிலைச் சாயல்தான் முன்வந்தது. அதற்கு மேல் கொட்டுவது காசைக் கொட்டுவது.

நாள் கணக்கில்தான் பழைய பழக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏழு நாள், பத்து நாள் தேவையே இல்லை. பெல்லட்டிலிருந்து (ஹாப்ஸை அரைத்து அழுத்திய குச்சி) எண்ணெய் பெரும்பாலும் முதல் 24 முதல் 48 மணி நேரத்திலேயே பீருக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு வருவது பச்சைப்புல் நெடியும் துவர்ப்பும். மூன்று நாள் போதும்.

முதலில் பீரை 14, 15 டிகிரிக்கு இறக்கி ஒரு நாள் விடுங்கள். ஈஸ்ட் அடியில் படியும். மிதக்கும் ஈஸ்ட் ஹாப்ஸ் எண்ணெயைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு கீழே இழுத்துப்போகும். இன்னொரு சாரார் நொதித்தல் ஓடும்போதே போடச் சொல்வார்கள், ஜெரானியால் என்ற மணப்பொருளை ஈஸ்ட் சிட்ரோனெல்லால் என்ற இன்னொரு மணப்பொருளாக மாற்றும் என்று. உண்மைதான், ஆனால் உங்களுக்கு அந்த வண்டி போய்விட்டது.

பெல்லட் தன் எடையைப்போலப் பல மடங்கு பீரைக் குடிக்கும். 80 கிராமுக்கு அரை லிட்டருக்கு மேல் நட்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். துணிப்பையில் கட்டுவதானால் பையில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. பெல்லட் ஊதிப் பந்தாகி, நடுவே பீரே நுழையாமல் உலர்ந்து கிடக்கும். பையில் கொதிக்கவைத்த ஸ்டெயின்லெஸ் எடை ஏதாவது போடுங்கள், இல்லாவிட்டால் மேலேயே மிதக்கும்.

#11 மூடியிடுக்கு

எல்லாரும் கிராமையும் நாளையும் பேசுகிறீர்கள், மணத்தைக் கொல்வது காற்று. மூடியைத் திறந்து 80 கிராம் பெல்லட்டைக் கொட்டினால் பெல்லட்டுக்கு நடுவே இருக்கும் காற்றும் உள்ளே போகும். இரண்டு வாரத்தில் பழ வாசம் போய் ஈர அட்டை வாசம். நிறம் பழுப்பேறினால் அதுதான் அடையாளம்.

கெக்கிலேயே ட்ரை ஹாப் செய்யுங்கள். காலிக் கெக்கில் ஹாப்ஸைப் போட்டு மூடி, 2 பார் அழுத்தம் ஏற்றி, வெளியே விட்டு, மறுபடி ஏற்றி விடுங்கள். ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். 21 சதவீதம் 7 ஆகும், பிறகு 2.3, 0.8. ஐந்து முறையில் 0.1-க்கும் கீழே, பத்து முறையில் கவலை விட்டது. பிறகு மூடிய குழாய் வழியே பீரை அடியிலிருந்து ஏற்றுங்கள். ஐசோ கரைசலையும் இதே காலிக் கெக்கில் முன்கூட்டியே விட்டுவிடலாமா என்று கேட்காதீர்கள், அதை ஹாப்ஸ் சக்கை குடித்துவிடும். ஹாப்ஸை எடுத்த பிறகு, அடுத்த கெக்குக்கு மாற்றும்போதுதான் அது.

#12 அடிவண்டல்

மேலே சொன்னதில் ஒன்று: அப்படியானால் #6-ல் உள்ள கோப்பைச் சோதனையையும் ட்ரை ஹாப்புக்குப் பிறகு இன்னொரு முறை செய்ய வேண்டும். மணம் ஏறியதும் இனிப்பும் கசப்பும் வேறு மாதிரி தெரியும். லிட்டருக்கு 4 கிராம் ஹாப்ஸ் பிஹெச்சையே சுமார் 0.1 மேலே தள்ளும். இப்போது 6 என்று முடிவானது அப்போது 4 ஆகலாம், 8-ம் ஆகலாம்.

#13 ஆய்வுக்குழல்

ட்ரை ஹாப்பில் யாரும் இன்னும் சொல்லாத ஆபத்து ஒன்று. 1.012-ல் நின்றுவிட்டது என்று நம்பி இருக்கிறீர்கள். ஹாப்ஸில் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் உண்டு. ஈஸ்ட்டால் தின்ன முடியாமல் விடப்பட்ட டெக்ஸ்ட்ரினை அவை உடைத்துச் சர்க்கரையாக்கும், ஈஸ்ட் மறுபடி எழுந்துகொள்ளும். புதிதாகக் கண்டுபிடித்ததுபோல இன்று பேசுகிறார்கள், 1893-லேயே பிரவுன், மோரிஸ் என்ற இருவர் எழுதிவைத்த விஷயம் இது.

அடர்த்தி 0.002 இறங்கினால் ஏறத்தாழ ஒரு வால்யூம் கேஸ் கூடும். 0.004 இறங்கினால் பாட்டிலில் அது இரண்டு வால்யூம், போட்ட சர்க்கரைக்கு மேலே. கெக் என்றால் வெடிக்காது, ஆனால் வெண்ணெய் வாசம் வரும்: ஈஸ்ட் மறுபடி வேலை செய்யும்போது டைஅசிட்டைலின் முன்பொருளை வெளியே விடுகிறது. அந்த நேரத்தில் பீரைக் குளிரவைத்துவிட்டால் அதைத் திரும்ப உட்கொள்ள ஈஸ்ட் விழித்திருக்காது.

அதனால் ஹாப்ஸ் எடுத்ததும் குளிர்விக்காதீர்கள். இரண்டு நாள் இடைவெளியில் அடர்த்தி அளந்து, அசையவில்லை என்று உறுதியாகட்டும். பிறகு இரண்டு மாதிரி எடுங்கள். ஒன்றை மூடி 60 – 65 டிகிரி வெந்நீரில் அரை மணி வைத்து, ஆறவைத்து, மற்றதோடு சேர்த்து முகருங்கள். சூடேறியதில் மட்டும் வெண்ணெய் வாசம் என்றால் பீர் இன்னும் தயாரில்லை, 18 – 20 டிகிரியில் விட்டுவையுங்கள்.

#14 மூன்றாம்_கெக்

இதே இடத்தில் தலைகீழ் பிரச்சினை ஒன்றைக் கேட்கிறேன். 55 ஐபியூ, லிட்டருக்கு 10 கிராம் ட்ரை ஹாப். தொண்டையில் எரிச்சலாக இறங்குகிறது. கசப்பைக் குறைக்க ஏதாவது போட முடியுமா? தண்ணீர் கலக்கலாமா?

#15 ஆய்வுக்குழல்

எரிச்சல் என்கிறீர்கள், அது கசப்பில்லை. கசப்பு நாக்கில், துவர்ப்பு கன்னத்தின் உள்பக்கம், எரிச்சல் தொண்டையில். தமிழில் மூன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்கும்போது எல்லாவற்றையும் கசப்பு என்று ஒரே பையில் போட்டால் மருந்தும் தவறிப்போகும்.

தொண்டை எரிச்சல் மிதக்கும் ஹாப்ஸ் தூளாலும் பாலிஃபீனாலாலும் வருவது. 1 – 2 டிகிரியில் ஐந்து நாள் வைத்தாலே பெரும்பகுதி அடியில் போய்விடும். அவசரமென்றால் ஜெலட்டின்: 3 கிராமைக் கால் லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, 65 – 70 டிகிரிக்குச் சூடாக்கி (கொதித்தால் கெட்டது), குளிர்ந்த பீரில் ஊற்றி இரண்டு நாள். துவர்ப்பு அப்போதும் நின்றால் பிவிபிபி (பாலிஃபீனாலைப் பிடித்துக்கொண்டு படியும் தூள்). 20 லிட்டருக்கு 4 முதல் 8 கிராம், ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து விட வேண்டும், படிந்த பிறகு தெளிந்ததை மட்டும் வேறு கெக்குக்கு எடுக்க வேண்டும். அதைக் குடிக்கக்கூடாது.

உண்மையான கசப்பு, அதாவது ஐசோ-ஆல்ஃபா, மேலே சொன்ன எதனாலும் சொல்லும்படி குறையாது. தண்ணீர் இரண்டு லிட்டர் ஊற்றினால் 55 வெறும் 50 ஆகும். நாக்குக்கு அது மட்டுமட்டாகத்தான் தெரியும், பீரோ நீர்த்துப்போகும். கலப்பதென்றால் பீரோடு பீர்: 10 லிட்டர் 55, 10 லிட்டர் 20 என்றால் 37.5. ஒரே ஈஸ்ட், ஒரே நிறம் என்றால் நல்லது. இரண்டும் முழுக்க நொதித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் ஈஸ்ட் மற்றதன் மிச்சத்தைத் தின்னத் தொடங்கும்.

நாள்பட வைத்தால் கசப்பு தானே இறங்கும் என்பதும் சரி. ஆனால் மணம் அதைவிட வேகமாக இறங்கும்.

#16 கொதிகலன்

ஹாப்ஸை வோட்காவில் ஊறவைத்து வடித்து ஊற்றுவது பற்றி யாரும் பேசவில்லையே? மணத்துக்கு எளிது.

#17 நுரைமுடி

எளிதுதான், மணம் கொஞ்சம் தட்டையாக இருக்கும். 40 கிராம், கால் லிட்டர் 40 சதவீத சாராயம், ஒரு நாள், குளிரில். வடித்ததை முழுவதும் ஊற்றினால் 20 லிட்டரில் ஆல்கஹால் ஏறக்குறைய அரை சதவீதம் கூடும், கலங்கலும் வரும், உருமாறாத ஆல்ஃபா வெளியே துப்பப்படுவதால். ஊற்றுவதற்கு முன் 100 மி.லி.-க்கு 0.5, 1 மி.லி. என்று கோப்பையில் பாருங்கள்.

கடையில் வரும் ஹாப்ஸ் எண்ணெய்ச் சாறு இதைவிடச் சுத்தம். ஆனால் அது ஒரு சொட்டில் பீரைச் சோப்பாக்கும் பொருள். அதை ஒருபோதும் தண்ணீரில் நீர்க்காதீர்கள், மேலே மிதக்கும். நல்ல சாராயத்தில் நீர்த்துவிட்டு அளவெடுங்கள்.

#18 பச்சைக்கூம்பு

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். ஐசோ கரைசல் கலந்த பீரைப் பச்சைப் பாட்டிலில் அடைத்தால் வெயிலில் நாறாது என்று படித்தேன். சரியா? மீதிக் கரைசலை எப்படி வைப்பது?

#19 அடிவண்டல்

தவறு. நாறாமல் காப்பது ரோ, டெட்ரா, ஹெக்சா என்று வரும், ஹைட்ரஜன் சேர்த்து ஒடுக்கிய ஐசோ-ஆல்ஃபா வகைகள் மட்டும். சாதாரண ஐசோ, கொதிகலத்தில் வருவதே போல, ஒளிபட்டால் உடைந்து அந்த நாற்றத்தைத் தரும். டெட்ரா போட்டாலும் உங்கள் பீரில் ஏற்கெனவே 25 ஐபியூ சாதாரண ஐசோ இருக்கிறது, அது நாறும். பழுப்புப் பாட்டில், நிழல். டெட்ரா அதே அளவு போட்டாலும் கூடுதலாகக் கசக்கும் என்பதால் #6 கணக்கை அதற்கு அப்படியே போடாதீர்கள்.

மீதியை, மேலே காற்று நிற்கும் இடம் குறையும்படி சின்னப் பாட்டிலுக்கு மாற்றி, இருட்டில், குளிரில் வையுங்கள். குளிரில் அடுக்காகப் பிரிந்து நிற்கலாம். அடுத்த முறை 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, நன்றாகக் குலுக்கி, அதன் பிறகு சிரிஞ்சில் எடுங்கள். நூறில் ஒன்றாக நீர்த்து வைத்ததை அன்றே கொட்டிவிடுங்கள். கையில் பட்டிருந்தால் சோப்பு போட்டுக் கழுவாமல் அடுத்த கோப்பையைத் தொடாதீர்கள், விளிம்பில் ஒட்டிய கசப்பை பீரின் கசப்பு என்று நினைத்துவிடுவீர்கள்.